லெம்கே குடும்பத்துக்குக் கஷ்டம் போதாது

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் விவரம். மேடையில் இருவரும் ஒரு காலி நாற்காலியும். நடுவில் பள்ளித் தலைவர் டாக்டர் ஸ்ட்ராட் அம்மையார். அவருக்கு வலப்பக்கம் வாழ்க்கைக் கட்டுரை ஆலோசகர் ட்ரெவர் ஹாலிஸ். இடப்பக்கத்துக் காலி நாற்காலியில் ‘உங்கள் பிள்ளையின் எதிர்காலம்’ என்று எழுதிய அட்டையை உட்கார வைத்திருந்தார்கள். மின்விசிறி அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் எதிர்காலம் குப்புற விழுந்தது. ஹாலிஸ் எழுந்து போய் நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார்.

கீழே குடும்பங்கள். ஹைலான்டர்ன் பள்ளி இருக்கும் கட்டிடம் முன்பு பௌலிங் விளையாடும் கூடம். பந்து உருட்டும் நீளத் தடங்களைப் பெயர்த்தெடுக்கச் செலவாகும் என்று அப்படியே விட்டு, தடத்துக்கு ஒரு வரிசையாக நாற்காலி போட்டிருக்கிறார்கள். முதல் தடத்தில் பல் மருத்துவர் விட்கம்ப், அவர் மனைவி, மகன். நடுத் தடங்களில் வக்கீல்களும் வங்கிக்காரர்களும். கடைசித் தடத்தில், முன்பு ஆட வந்தவர்களுக்குக் காலணி வாடகைக்கு விட்ட முகப்பை ஒட்டி, நாங்கள்: மார்லிஸ் லெம்கே ஆகிய நான், என் கணவர் டேல், மகள் ப்ரிட்டா.

இடம் ஒதுக்கியது பள்ளி. பிள்ளை குறி வைத்திருக்கும் கல்லூரியின் பெருமை எவ்வளவோ அதற்கேற்ற தடம். ப்ரிட்டா, வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் மாநிலக் கல்லூரியில் சீஸ் தயாரிப்புப் படிக்க விரும்புவதாக எழுதிக் கொடுத்திருந்தாள். எங்களுக்கும் பின்னால் ஒரு தடம் இருந்திருந்தால் அது கழிப்பறைக்குள் போயிருக்கும்.

சுவரில் பெரிய அமெரிக்க வரைபடம். பழைய மாணவர்கள் எங்கெங்கே படிக்கப் போனார்களோ அங்கெல்லாம் குண்டூசி. கிழக்குக் கடற்கரையில் ஊசி குத்த இடமில்லை. எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தின் மேல் தீயணைப்புக் குழாயை மாட்டியிருந்தார்கள்.

பள்ளியைக் குறை சொல்வதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் குலுக்கலில் ப்ரிட்டாவுக்கு அங்கே இடம் கிடைத்தது. ஊர்ப் பள்ளியில் அவள் வயதுக்கு இருந்த கணக்கெல்லாம் தீர்ந்துவிட்டதால் அனுப்பினோம். கணக்கு அங்கே தீரவே இல்லை. அந்த வகையில் திருப்திதான்.

டாக்டர் ஸ்ட்ராட் எழுந்தார். கூட்டத்தின் தலைப்பு ‘குடும்பங்கள் எதிர்பார்க்க வேண்டியவை, நான்காம் ஆண்டு.’

“அன்பான குடும்பங்களே! மூணு வருஷமா நீங்க எங்ககிட்ட என்னென்னவோ எதிர்பார்த்தீங்க. ஒவ்வொண்ணா நாங்க அத சரி பண்ணோம். பிள்ளைக்குத் தூக்கம் எதிர்பார்த்தீங்க. ஞாயித்துக்கிழமை எதிர்பார்த்தீங்க. ஒரு தாயார், பேர் சொல்ல மாட்டேன், நாலாவது தடத்துல நீலச் சட்டை போட்டிருக்காங்க, வீட்டுப்பாடம் எத்தனை மணி நேரம்னு கேட்டாங்க. நாங்க மணிக்கணக்கு பாக்கற பள்ளி இல்ல. விடிஞ்சுதா இல்லையான்னு மட்டும்தான் பாப்போம்.”

முதல் தடம் கைதட்டியது.

“கடுமையான பள்ளின்னா என்னன்னு கேக்கறாங்க. கேக்கறதுக்கு உங்களுக்கு நேரம் இருக்குன்னா, எங்க கடுமை இன்னும் பத்தலன்னு அர்த்தம்!”

எல்லாத் தடமும் கைதட்டியது. டேலும் தட்டினார். ஒருவர் இவ்வளவு தூரம் பேசியபின் தட்டாமல் இருப்பது நன்றாக இருக்காது.

பிறகு குடும்ப உறுதிமொழி. ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு பழைய பௌலிங் பந்து வந்தது. அதன் மூன்று துளைகளுக்கும் அறிவு, பண்பு, அட்மிஷன் என்று பள்ளி பெயர் வைத்திருக்கிறது. துளைகளில் விரல் விட்டபடி உறுதி சொல்ல வேண்டும். டேலுக்கு இடது கையில் ஒரு விரல் கிடையாது. அவர் பண்பை விட்டுவிட்டு மற்ற இரண்டிலும் விரலை வைத்துக்கொண்டார்.

அடுத்து ஹாலிஸ். கிழக்கிலிருந்து வந்த இளைஞர், மெல்லிய தோல் காலணி.

“பெரிய கல்லூரிகளுக்கு மதிப்பெண் முக்கியமில்ல. அது எல்லார்கிட்டயும் இருக்கு. அவங்க கேக்கறது வாழ்க்கைக் கட்டுரை. வாழ்க்கைன்னா கஷ்டம். உங்க பிள்ளை பட்ட கஷ்டம், அதுலேருந்து எழுந்த விதம், எழுநூறு சொல்லுக்குள்ள. போன வருஷம் ஒரு பொண்ணு, அவங்க ஏரிக்கரை வீட்டுல படகுத்துறைய வித்துட்டாங்க. படகு நிறுத்த இடமில்லாம அவ தவிச்ச தவிப்ப எழுதியிருந்தா. படிச்சுட்டு நான் அழுதேன். கல்லூரியும் அழுதுச்சு.”

பல் மருத்துவர் விட்கம்ப் எழுந்தார். “நாங்க ஒம்பதாவதுலேயே ஆரம்பிச்சுட்டோம். அக்டோபர்ல நானும் ஷெரிலும் பிரியறோம்.”

“ரொம்ப நல்லது. உண்மையாவா?” என்றார் ஹாலிஸ்.

“விண்ணப்பம் போற வரைக்கும்.”

நாற்காலிக்கு அடியில் இருவரும் கை கோத்திருந்தது கடைசித் தடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது.

ப்ரிட்டா கை தூக்கினாள். “சார், நான் போற கல்லூரில கட்டுரை கேக்கலையே. பள்ளி முத்திரை போட்ட மதிப்பெண் சான்று, வீட்டுலேருந்து ஒரு கடிதம், அவ்வளவுதான் கேக்கறாங்க. டிசம்பர் ஒண்ணுக்குள்ள தபால்ல போடணும்.”

டாக்டர் ஸ்ட்ராட் புன்னகைத்தார். “கல்லூரி கேக்கலன்னா என்னம்மா? பள்ளி கேக்குதே! கட்டுரை தேறாம எந்தச் சான்றும் இந்தக் கட்டிடத்த விட்டு வெளிய போகாது. அது எங்க தரம்.”

“எனக்குக் கஷ்டம்னு எதுவும் இல்லையே, மேடம்.”

கூடத்தில் ஒரு சலசலப்பு. நீலச் சட்டை அம்மாள் எங்களைத் திரும்பிப் பார்த்தார். எதிர்காலம் மறுபடி குப்புற விழுந்தது.

“சந்தோஷமா இருக்கறது தப்பு இல்லம்மா,” என்றார் டாக்டர் ஸ்ட்ராட். “ஆனா விண்ணப்பத்துல அதுக்குக் கட்டம் இல்ல.”

அக்டோபர் தொடக்கத்தில் ஹாலிஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். குடும்பத்தில் கஷ்டம் கிடைக்குமா என்று தோண்டிப் பார்ப்பது அவர் வேலை. சமையலறை மேசையில் டேல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், எதிரில் அவர். ப்ரிட்டா மாட்டுக்கொட்டகையில் இருந்தாள். அவள் விசில் இங்கே வரைக்கும் கேட்டது. பால் கறக்கும்போது விசிலடிப்பது அவள் பழக்கம்.

“உங்க குடும்பத்துல பெரிய கஷ்டம்னா, சட்டுனு எது ஞாபகம் வருது?”

டேல் நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தார். “போன வருஷம் டிராக்டர் சீட்டு கிழிஞ்சுது.”

“அப்புறம்?”

“தைச்சுட்டோம்.”

ஹாலிஸின் பார்வை டேலின் கைக்குப் போனது. “உங்க கையில… ஒரு விரல்…”

டேல் தன் கையைத் தானே புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். “ஆமா, இல்ல.”

“எப்படிப் போச்சு?” பேனா தயாரானது.

“தீவன மெஷின்ல மாட்டிக்கிச்சு. ஆனா அன்னிக்கு நல்ல குளிர் பாருங்க, ரத்தம் சட்டுனு நின்னுடுச்சு. எல்லாரும் அதிர்ஷ்டக்காரன்னு சொன்னாங்க. கையுறை வாங்கறப்போ மட்டும் ஒரு விரல் வீணாப் போகுது.”

“அன்னிக்கு வீட்டுல எல்லாரும் எப்படி இருந்தீங்க?”

நான் சொன்னேன்: “ஆர்லீன் ஹாட்டிஷ் கொண்டு வந்தாங்க.”

ஆர்லீன் ஸ்கோகன் பக்கத்துப் பண்ணைக்காரர். ஹாட்டிஷ் எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் உண்டு. உருளைக்கிழங்கு, மாட்டிறைச்சி, பட்டாணி அடுக்கி, மேலே சீஸ் கொட்டி, கண்ணாடித் தட்டோடு ஓவனில் வைத்துச் சுட்டு எடுப்பது.

ஹாலிஸ் விடவில்லை. கொட்டகைக் கூரை பனிப்பாரம் தாங்காமல் இடிந்ததைச் சொன்னோம். மாடெல்லாம் ஸ்கோகன் கொட்டகையில் ஒரு மாதம் நின்றது, புது இடம் பிடித்துப்போய்ப் பால் கொஞ்சம் கூடவே கறந்தது. ஆற்று வெள்ளம் சமையலறைக்குள் வந்ததைச் சொன்னோம். தரை அவ்வளவு சுத்தமாக அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை. டேலின் அப்பா இறந்ததைச் சொன்னோம். சாவுக்கு வந்தவர்கள் கொண்டுவந்த தட்டுகளை வைக்க இடமில்லாமல் சவப்பெட்டிக்குப் பக்கத்து பெஞ்சிலும் வைத்தோம். பெரியவருக்கும் சீஸ் பிடிக்கும்.

ஹாலிஸ் பேனாவைக் கீழே வைத்தார். “மேடம், நான் ஒண்ணு சொல்லலாமா? உங்க ஊர்ல ஒரு துயரம் வளர்ந்து ஆளாகறதுக்குள்ள யாராவது வந்து அது தலையில சீஸக் கொட்டிடறாங்க.”

அந்த நேரம் பார்த்துப் பின்கதவு திறந்தது. ஆர்லீன், கையில் துணி சுற்றிய தட்டு. “யாரோ வெளியூர் ஆளு வந்திருக்கார்னு பாத்தேன். ஒல்லியா இருக்கார்னும் பாத்தேன். சாப்பிடு தம்பி.”

எங்கள் பக்கத்து மனிதர்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எப்படியிருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் இங்கே ‘பரவாயில்லை’ என்பதுதான் பதில். அதிகம் போனால் ‘இதைவிட மோசமாக ஆகியிருக்கலாம்’ என்பார்கள். ஆர்லீனின் அண்ணன் தம் வீடு எரிந்து சாம்பலானபோது, அணைந்த நெருப்பைப் பார்த்தபடி, “ஜன்னல மாத்தணும்னு நெனச்சுட்டேதான் இருந்தேன்” என்றார். இது மறைப்பதல்ல. வாய்க்கு வேறு பதில் வராது. அந்த ஹாலிஸ் தம்பி வராத பதிலைக் கேட்டுக்கொண்டு வந்திருந்தார், பாவம். இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் குடும்பம் ‘மகிழ்ச்சிக் கண்காணிப்பில்’ வைக்கப்படுகிறது. நவம்பர் இறுதி வரை குடும்பத்தினர் ஒரே மேசையில் சேர்ந்து சாப்பிட வேண்டாம். மாணவி விசில் அடிப்பதைத் தவிர்க்கவும். அண்டை வீட்டார் எவ்வகையான சுட்ட உணவும் கொண்டுவராதிருக்கும்படி குடும்பம் பார்த்துக்கொள்ளவும். நாய் இருப்பின் அதன் வயதைத் தெரிவிக்கவும்.

“நாய் வயச ஏன் கேக்கறாங்க?” என்றார் டேல்.

“கட்டுரைக்கா இருக்கும்.”

டேல் எழுந்து போய் நாய்க்குக் கூடுதலாக ஒரு துண்டு இறைச்சி வைத்துவிட்டு வந்தார். இரண்டு வயது என்று எழுதி அனுப்பினோம். உண்மையும் அதுதான்.

ஹாட்டிஷ் கொண்டுவர வேண்டாம் என்று ஆர்லீனிடம் சொல்ல நான்தான் போனேன். அது என் தவறு. எங்கள் ஊரில் ‘தயவுசெய்து எதுவும் கொண்டு வராதீங்க’ என்று யாராவது சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான்.

ஆர்லீன் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவ்வளவு மோசமா, மார்லிஸ்?”

“மோசமெல்லாம் இல்ல ஆர்லீன். பள்ளிக்கூடத்துல எங்களுக்குக் கஷ்டம் வரணும்னு…”

“சொல்ல வேணாம். புரியுது.”

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் எங்கள் முற்றத்தில் கார் நிறுத்த இடமில்லை. தேவாலயத்துக்காரர்கள், தீயணைப்புத் தொண்டர்கள், பால் வண்டி ஓட்டுபவர், டேலுக்கு ஆகாத அவர் மச்சான் உட்பட எல்லாரும் வந்தார்கள், எல்லார் கையிலும் தட்டு. குளிர்பெட்டி நிறைந்து, பால் குளிர்விக்கும் அறை நிறைந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. மச்சான் மட்டும், “என்னவா இருந்தாலும் பரவால்ல” என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக் கதவுக்கு எண்ணெய் போட்டுவிட்டுப் போனார். பத்து ஆண்டுப் பேச்சுவார்த்தையின்மை அத்தோடு தீர்ந்தது.

கண்காணிக்க வந்த ஹாலிஸ் முற்றத்தில் நின்று இதைப் பார்த்தார். “நான் என்னன்னு அறிக்கை எழுதறது? இருந்த பகையும் போயிடுச்சே!”

“மன்னிச்சுக்கோங்க,” என்றார் டேல்.

அவரையும் வெறுங்கையோடு அனுப்ப முடியவில்லை. ஒரு தட்டைக் கொடுத்தனுப்பினோம். எங்கள் ஊரில் ஒருவர் தட்டை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் தட்டில் கடைக் கேக்கோடு வந்தார். கேக்குக்குப் பதிலாக நான் வேறு தட்டு கொடுத்தேன். அதற்குப் பதிலாக அவரே ஏதோ சமைத்துக் கொண்டுவந்தார். அதை நாயும் நாங்களும் மரியாதையோடு சாப்பிட்டோம். நவம்பர் பிறப்பதற்குள் அந்தத் தோல் காலணி போய் ரப்பர் பூட்ஸ் வந்துவிட்டது, இடுப்புவார் இரண்டு துளை தள்ளிப் போனது.

இத்தனைக்கும் நடுவில் ப்ரிட்டா மேசையில் உட்கார்ந்து கஷ்டப்படப் பழகிக்கொண்டிருந்தாள். முதல் கட்டுரை கூரை இடிந்ததைப் பற்றி. ‘போதிய வேதனை இல்லை’ என்று திரும்பி வந்தது. இரண்டாவது தாத்தாவைப் பற்றி. ‘தாத்தா சிரித்துக்கொண்டே இறப்பது நம்பும்படி இல்லை.’ மூன்றாவதில் என்ன எழுதினாள் என்று எனக்குக் காட்டவில்லை. ‘முன்னேற்றம், இன்னும் கொஞ்சம்’ என்று வந்தது.

ஒருநாள் மாலை கொட்டகைப் பக்கம் போனேன். விசில் கேட்கவில்லை. பள்ளிக் கடிதம் வந்ததிலிருந்தே நிறுத்தியிருந்தாள். மாடுகள் அடிக்கடி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தன.

“அம்மா,” என்றாள் குனிந்தபடியே, “என்கிட்ட ஏதாவது குறை இருக்கா?”

“என்னடி கேள்வி இது?”

“எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஏதோ ஒண்ணு நடந்திருக்கு. விட்கம்ப் பையன் அழுதுட்டே எழுதறான், அவங்க அப்பா நெஜமா வேற வீட்டுக்குப் போயிட்டார்னு. எனக்கு ராத்திரி படுத்தா என்ன நெனக்கறதுன்னே தெரியல. தூங்கிடறேன். சான்று வராதும்மா. சீஸ் படிப்பும் போச்சு. நான் சந்தோஷமா இருந்ததால போச்சு.”

‘இதைவிட மோசமாக ஆகியிருக்கலாம்’ என்று சொல்ல வாயெடுத்தேன். முதல் தடவையாக அந்த வாக்கியம் எனக்கு வரவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து மாட்டின் மடியைத் துடைத்தேன்.

நவம்பர் மூன்றாம் வாரம், மான் வேட்டை நாட்களில், டாக்டர் ஸ்ட்ராட் தாமே வருவதாகச் செய்தி வந்தது. ஹாலிஸின் அறிக்கைகளில் நம்பிக்கை இல்லை, ‘அறிக்கைத் தாள்களில் சீஸ் கறை இருக்கிறது.’ கஷ்டம் இல்லை என்பதைத் தம் கண்ணால் பார்த்து எழுதிவிட்டு, ப்ரிட்டாவின் கோப்பை மூடிவிடப் போகிறார்.

அவர் வந்த அன்று மதியம் அந்த ஆண்டின் முதல் பனி. இரண்டு மணிக்கு அவர் கார் எங்கள் வளைவில் திரும்பும்போது வழுக்கி, சாலையோரப் பள்ளத்தில் மெதுவாகப் போய்ச் சாய்ந்தது. வேகம் இல்லை, அடி இல்லை. அந்தப் பள்ளத்தில் விழாதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. பால் வண்டி ஆண்டுக்கு ஒரு தடவை விழும்.

பக்கத்துக் காட்டில் வேட்டையில் இருந்தவர்கள் பார்த்துவிட்டு உதவிக்கு வந்தார்கள். ஆர்லீனின் கணவர், அவர் தம்பி, தீயணைப்புத் தொண்டர்கள் இருவர். வேட்டை நாட்களில் போடும் ஆரஞ்சு அங்கி, தோளில் துப்பாக்கி, தாடியில் பனி, முந்தைய நாள் மானின் ரத்தம் கையில். நால்வரும் மரங்களுக்கு நடுவிலிருந்து ஓசையில்லாமல் இறங்கி வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினார்கள்.

டாக்டர் ஸ்ட்ராட் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கையையும் தூக்கினார். “கார எடுத்துக்கோங்க! எடுத்துக்கோங்க!”

“வேணாங்க,” என்றார் ஆர்லீனின் கணவர். “எங்ககிட்ட இருக்கு.”

அம்மையார் கதவைத் திறக்காததால் நால்வரும் சுற்றி நின்று காவல் காத்தார்கள். குளிருமே என்று ஒருவர் காப்பிக் குடுவையைக் கண்ணாடியில் காட்டிக் காட்டிச் சிரித்தார். டேல் டிராக்டரோடு போய் இழுத்து வருவதற்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

சமையலறையில் அவரைக் கம்பளி சுற்றி உட்கார வைத்தோம். வேட்டைக்காரர்கள் துப்பாக்கிகளை வண்டியில் பூட்டிவிட்டுச் சுவரோரம் நின்றார்கள். ஆர்லீன் தட்டோடு வந்து சேர்ந்தார். ஹாலிஸ் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார், தட்டு திருப்பித் தர வந்தவர்.

“பரவால்லங்க,” என்றார் டேல் ஆறுதலாக. “இதவிட மோசமா ஆயிருக்கலாம்.”

“ஆயிருக்க முடியாது!” டாக்டர் ஸ்ட்ராட் மேசையில் அடித்தார். “இதவிட மோசமா ஆகவே முடியாது!”

அப்படி ஒரு வாக்கியத்தை அந்த அறையில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. ஆர்லீன் சத்தமில்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நான் தனியா இருந்தேன்! போன்ல சிக்னல் இல்ல! பனி! காடு! செத்துட்டேன்னு நெனச்சேன். என் கால் வெரலெல்லாம் மரத்துப் போச்சு. என் கோட்ட பாருங்க, ஒட்டக ரோமம்! வாழ்க்கை முழுக்க மத்தவங்க பிள்ளைங்க கஷ்டத்தப் படிச்சுட்டே இருந்தேனே, எனக்கு ஒண்ணு வந்தப்போ பக்கத்துல யாரு இருந்தா? யாருமில்ல!”

பக்கத்தில் இருந்த நால்வரும் தலைகுனிந்தார்கள்.

“அப்புறம் என்னாச்சு?” என்றார் ஆர்லீன்.

டாக்டர் ஸ்ட்ராட் அவரை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் என்னாச்சு என்று அவரை யாரும் கேட்டதே இல்லை போலிருக்கிறது. குரல் இறங்கியது. மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னார். இந்த முறை பத்து நிமிடம் அரை மணி நேரமாகியிருந்தது. சிறுவயதில் ஒரு தடவை வீட்டார் தம்மைப் பள்ளியிலேயே மறந்து விட்டுவிட்டுப் போனதையும் சொன்னார். ஆர்லீனின் கணவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். ஹாலிஸ் கண்ணைத் துடைத்தார், எழுதவில்லை. மூன்று தட்டு ஹாட்டிஷ் டாக்டர் ஸ்ட்ராட்டுக்கு உள்ளே போனது, கிளம்பும்போது எங்கள் தட்டில் இன்னொன்று அவர் காரில் போனது.

“படகுத்துறைய விட இது எவ்வளவோ மேல்,” என்று ஹாலிஸ் என் காதோரம் சொன்னார்.

மேசை மூலையில் ப்ரிட்டா மட்டும் தாளை எடுத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

கட்டுரை திங்கட்கிழமை பள்ளிக்குப் போனது. அதன் தொடக்கம் இது: ‘கஷ்டம் என்பதை நான் நேரில் பார்த்ததில்லை. இந்த நவம்பரில் அது எங்கள் வீட்டுப் பள்ளத்தில் வந்து விழுந்தது. அதற்கு ஒட்டக ரோமக் கோட்டு இருந்தது. ஹாட்டிஷ் கொண்டுவர அதற்கு யாரும் இருந்ததில்லை.’ முடிவில், ‘அவர் கொண்டுபோன தட்டு எங்களுடையது. திருப்பித் தர அவர் இன்னொரு தடவை வர வேண்டியிருக்கும். எங்கள் ஊரில் யாரும் தனியாக இல்லாமல் இருப்பது அப்படித்தான்’ என்று எழுதியிருந்தாள்.

அன்று மாலையே பதில் வந்தது. ஹைலான்டர்ன் வரலாற்றில் இத்தனை உண்மையான வேதனை எழுதப்பட்டதில்லை. தேர்ச்சி. ஓரத்தில் பச்சை மையில் ஒரே ஒரு திருத்தம்: ‘பத்து நிமிடம்’ அடிக்கப்பட்டு ‘ஒரு மணி நேரம்’ ஆகியிருந்தது. புதன்கிழமை பள்ளிக் கூட்டத்தில் டாக்டர் ஸ்ட்ராட் தாமே அதை வாசித்தார். வாசிக்கும்போது அது ‘அந்த இரவு முழுவதும்’ என்று கேட்டது.

“மதியம் ரெண்டு மணிதானே?” என்றார் டேல் என் காதில்.

“விடு டேல்.”

முதல் தடத்தில் விட்கம்ப் மனைவியோடு வந்து உட்கார்ந்திருந்தார். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டாராம். மகன் இருவருக்கும் நடுவில் இருந்தான். மேடையில் எதிர்காலத்தை யாரும் நிமிர்த்தவில்லை. ஹாலிஸ் வேலையை விட்டுவிட்டார். ஆர்லீனின் அண்ணன் புது வீட்டுக்கு ஜன்னல் பொருத்த ஆள் தேடிக்கொண்டிருந்தார், இவர் அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

மதிப்பெண் சான்று முத்திரையிட்ட உறையில் வியாழக்கிழமை கைக்கு வந்தது. அதோடு ஒரு சுற்றறிக்கையும் இருந்தது: ‘குடும்பங்கள் எதிர்பார்க்க வேண்டியவை, அடுத்த ஆண்டு முதல்.’ ஒவ்வொரு மாணவரும் பனிக்காலத்தில் ஒருமுறை லெம்கே பள்ளத்தில் இறங்கிவர வேண்டும். நேரம் முன்பதிவு செய்யப்படும். வேட்டை அங்கி அணிந்த தொண்டர் இருவர் உடனிருப்பர். சுட்ட உணவு, அனுபவம் முடிந்த பின்னரே. பள்ளத்தைத் தற்போதுள்ள நிலையிலேயே பராமரிக்கும்படி திரு. டேல் லெம்கே கேட்டுக்கொள்ளப்படுகிறார்.

டேல் அதை இரண்டு தடவை படித்தார். “வரிசையா நிக்கறப்போ பிள்ளைங்களுக்குக் குளிருமே,” என்றார். “ஓரமா ஒரு பெஞ்சு போட்டுடறேன்.”

நவம்பர் கடைசி நாள், காலை உணவு முடிந்ததும் கல்லூரிக்கு வீட்டுக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். மேசையில் இடப்பக்கம் டேல், வலப்பக்கம் ப்ரிட்டா, காலடியில் நாய். நாலு தாள் கிழித்துப் போட்ட பிறகு நின்றது இவ்வளவுதான்:

‘அன்புள்ள பால்பொருள் துறையினருக்கு, எங்கள் மகள் ப்ரிட்டாவைப் பற்றி எழுதக் கேட்டிருந்தீர்கள். அவள் நன்றாகக் கணக்குப் போடுவாள். மாடுகளுக்கு அவளைப் பிடிக்கும். இதுவரை அவளுக்குப் பெரிய கஷ்டம் எதுவும் வந்ததில்லை. அதற்காக நாங்கள் வருந்தவில்லை.’

“கடைசி வரி கொஞ்சம் கடுமையா இல்ல?” என்றார் டேல்.

“இருக்கட்டும். கடுமையான பள்ளில படிச்சவ.”

சான்றையும் விண்ணப்பத்தையும் கடிதத்தையும் பெரிய உறைக்குள் வைத்தோம். பசை ஒட்டிய இடத்தை டேல் தம் ஒன்பது விரல்களாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். தபால்தலை நான் ஒட்டினேன். ப்ரிட்டா பூட்ஸை மாட்டிக்கொண்டு, உறையைக் கோட்டுக்குள் வைத்து, பனியில் இறங்கினாள். சாலையோரத் தபால்பெட்டிக்குள் அதைப் போட்டு மூடி, தபால்காரர் நின்று எடுக்கட்டும் என்று பெட்டியின் சிவப்புக் கொடியை நிமிர்த்தி வைத்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் விசில் கேட்டது. கொட்டகைக்குள் மாடுகள் திரும்பிப் பார்த்தன.